ஈவு

ஆகெதாவில் எங்கள் ஆலை சைக்கிள் செய்கிறது.
முழு சைக்கிள் இல்லை, அதன் எலும்பு மட்டும்.
அலுமினியக் குழாய், எட்டுப் பற்றவைப்பு, ஒரு பிரேம்.
எனக்குப் பற்றவைக்கத் தெரியாது.
மாடியில், கண்ணாடி அறையில்,
வகுத்தல் கணக்கு போட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

கோட்டுக்கு மேலே பிரேம். கோட்டுக்குக் கீழே ஆட்களின் மணிநேரம்.
முன்னூற்று அறுபதை நானூற்று எண்பதால் வகுத்தால்
ஆளுக்கு, மணிக்கு, முக்கால் பிரேம்.
முக்கால் பிரேமில் இதுவரை யாரும்
பெடல் மிதித்து வீடு போனதில்லை.
ஆனாலும் போர்ட்டோவிலிருந்து வருகிறவர்களுக்கு
அதுதான் வண்டி.

மார்ச்சில் மூன்று இயந்திரக் கைகள் இறங்கின,
மஞ்சள் நிறம், பின்பக்கமாய் மடிகிற முழங்கை.
அதேரித்து அவற்றின் மணிக்கட்டைப் பிடித்து
மூன்று வாரம் வழி காட்டினான்:
இங்கே சாய். இங்கே மூச்சை அடக்கு.
இந்த மூலையில் அவசரம் வேண்டாம்,
அலுமினியத்துக்கு மூக்குக்கு மேல் கோபம்.
அவன் அழுதானா என்றால், இல்லை.
"என் தோள்வலியையும் சேர்த்து எடுத்துக்கொள்"
என்று இரும்பைத் தட்டிக் கொடுத்தான்.
நாற்பது யூரோ கூடியது. இப்போது அவன் ஆபரேட்டர்.
அவனோடு பற்றவைத்த பத்துப் பேர்
ஊர் தன் தெருக்களுக்கு மேல்
வண்ணக் குடைகளைக் கட்டித் தொங்கவிடும் ஜூலையில்
அந்த நிழல் வழியாகவே
டிபன் பெட்டியோடு நடந்து போனார்கள்.

நானூற்று ஐம்பது. கீழே நானூறு.
ஒன்றே அரைக்கால்.
முட்டைக் கேக் வெட்டினோம். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

என் தாளில் ஆட்களுக்கு இரண்டு பத்தி:
தேர்ச்சி உள்ளோர், தேர்ச்சி இல்லாதோர்.
யார் எதில் என்று எனக்கு முன்னால் இருந்தவர்
பென்சிலில் குறித்திருந்தார். நான் மையால் எழுதினேன்.
கிராசியெட் இரண்டாவது பத்தி.
தூள் கூட்டுகிறவள்.
அவேய்ரோவிலிருந்து புதிதாய் வந்த பொறியாளன்
குவிந்த அலுமினியத் தூளின் மேல்
தண்ணீர்க் குழாயை நீட்டிய காலையில்
குழாயை மிதித்து நிறுத்தியது அவள் செருப்பு.
"இது ஈரம் கண்டால் சும்மா இருக்காது, தம்பி."
அன்று யாரும் சாகவில்லை.
சாகாதவர்களை எழுத என்னிடம் கட்டம் இல்லை.
பொறியாளன் முதல் பத்தி.

செப்டம்பரில், கூட்டுகிற ஐந்து பேரையும்
ஒப்பந்தக் கம்பெனிக்கு மாற்றினார்கள்.
அதே துடைப்பம். அதே ஆறு மணி சங்கு. அதே தூள்.
சட்டைப் பையில் மட்டும் யாரோ ஒரு கம்பெனியின் பச்சைக் கிளி,
மாதச் சம்பளத்தில் அறுபது யூரோ குறைவு.

நானூற்று ஐம்பது. அதே நானூற்று ஐம்பதுதான்.
கீழே முன்னூற்று அறுபது.
ஒன்றேகால்.

ஒரு பிரேம்கூடக் கூடவில்லை.
ஒரு திருகுகூட வேகமாய்த் திரும்பவில்லை.
ஐந்து பேர் கோட்டுக்குக் கீழிருந்து எழுந்து
நின்ற இடத்திலேயே நின்றதில்
ஆலை அரைக்கால் வளர்ந்துவிட்டது.

"உயர்வுக்குக் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு.
ஆட்கள் என்று எழுத முடியாது, குறைந்திருக்கிறார்கள்.
இயந்திரம் என்று எழுத முடியாது, அதே மூன்று கைகள்.
இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதற்கு
எங்கள் தொழிலில் ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது.
எழுதினேன்: தொழில்நுட்ப மாற்றம்.
எழுத்து அழகாகவே விழுந்தது.

வகுத்தலில் கிடைப்பது ஈவு.
அதோடு எப்போதும் ஒட்டிவரும் அந்த இன்னொரு சொல்
அன்றைக்கு வரவில்லை.

கதவு திறந்தது. பச்சைக் கிளி.
"இலீதியு, கொஞ்சம்" என்றாள்.
மேசைக்கடியில் துடைப்பம் நுழைந்தது.
பேனாவை எடுக்காமலே
இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன்.